ரெட் ட்வார்ஃப் முதல் எட்டு சீரிஸ்: எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படி ஓட்டுவது?

#1 வாசல்படி

‘ரெட் ட்வார்ஃப்’ என்ற பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவைத் தொடரின் முதல் எட்டு சீரிஸும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தேடினால் மூன்று விதமாக வருகிறது. 2002 முதல் ஒவ்வொரு சீரிஸாக வந்த பழைய டிவிடிகள். ‘பாடிஸ்னாட்சர் கலெக்‌ஷன்’ என்று 2007இல் வந்த ரீமாஸ்டர்டு பெட்டி, அதில் முதல் மூன்று சீரிஸ் மட்டும்தான். கடைசியாக 2019இல் வந்த ப்ளூரே பெட்டி. புதுசு என்பதால் ப்ளூரேவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? இங்கே கோயம்புத்தூரில் வாங்கிய பிளேயரில் ரீஜன் தகராறு (வேறு நாட்டு டிஸ்க்கை ஓட்டவிடாத பூட்டு) வருமா?

#2 ஐம்பதுஃபீல்டு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தொடருக்கு நெகட்டிவ் கிடையாது. 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2இல் தொடங்கியபோதே ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து வீடியோ டேப்பில் பதிவு செய்ததுதான். முதல் மூன்று சீரிஸ் மான்செஸ்டர் பிபிசி ஸ்டுடியோவில், நான்காவதிலிருந்து ஷெப்பர்டனில். அந்த டேப்பில் இருப்பது 576 வரிகள், வினாடிக்கு 50 ஃபீல்டு. அதற்கு மேல் ஒரு வரிகூட எங்கேயும் ஒளித்துவைக்கப்படவில்லை. சினிமாவில் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து 4கே எடுப்பதுபோல் இதில் எடுக்க முடியாது. ப்ளூரேயில் இருப்பது அதே 576 வரிகளைப் பெரிதாக்கிய படம்.

அதனால் கேட்க வேண்டியது “எதில் ரெசல்யூஷன் அதிகம்” என்பதல்ல. “எதில் அந்த 50 ஃபீல்டும் உயிரோடு இருக்கிறது” என்பதுதான்.

வீடியோ கேமரா ஒரு ஃபிரேமை ஃபீல்டு எனப்படும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என்று பிடிக்கும். இரண்டு பாதிக்கும் நடுவே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கடந்திருக்கும். ஆக அசைவு வினாடிக்கு 50 தடவை பதிவாகிறது. சினிமாவில் 24 அல்லது 25. நாடக மேடை எதிரே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நேரடித்தன்மை இந்தத் தொடரில் இருக்கிறது என்றால் பாதிக் காரணம் அந்த 50தான். டேனி ஜான்-ஜூல்ஸ் நடனக்காரர். கேட் பாத்திரமாக அவர் சுழன்றுகொண்டு அறைக்குள் நுழைவதை 50இலும் 25இலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 50இல் கை போகிற பாதை முழுதும் தெரியும். 25இல் கை இங்கே இருந்து அங்கே தாவும்.

1998இல் செய்த ரீமாஸ்டரில் முதல் மூன்று சீரிஸையும் ‘ஃபிலிம் மாதிரி’ ஆக்கினார்கள். ஃபீல்டுகளைக் குறைத்து 25 அசைவாக்கி, நிறத்தை மாற்றி, மாடல் காட்சிகளை எடுத்துவிட்டு அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போட்டார்கள். கப்பலின் கம்ப்யூட்டரான ஹாலி பேசும் சில பகுதிகளை நார்மன் லவெட்டை வைத்துப் புதிதாகவே எடுத்தார்கள். முதல் முறை பார்ப்பவருக்கு நான் அதைக் கொடுக்கவே மாட்டேன்.

என் தேர்வு பழைய டிவிடி. விலையும் குறைவு, பதிப்பும் அசல்.

#3 செந்நிறக்கப்பல்

ரீமாஸ்டரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ‘பாடிஸ்னாட்சர்’ பெட்டியை வாங்க வேறு காரணம் இருக்கிறது. முதல் சீரிஸ் எழுதும்போது ராப் கிராண்டும் டக் நெய்லரும் பாதியில் விட்ட ஒரு கதை அந்தப் பெட்டிக்காக முடிக்கப்பட்டது. ரிம்மராக நடிக்கும் கிறிஸ் பேரி எல்லாப் பாத்திரங்களையும் தானே பேசி வாசிக்க, படங்கள் ஓடும். பேரி மிமிக்ரியில் கெட்டிக்காரர், நாயகன் லிஸ்டரின் குரலையும் விடுவதில்லை. ரீமாஸ்டர் எப்படி, ஏன் செய்யப்பட்டது என்ற ஆவணப்படமும் உள்ளே இருக்கிறது. செய்தவர்களே சொல்வதைக் கேட்டால் நியாயம் புரியும். வெளிநாட்டுச் சேனல்களுக்கு விற்க அந்தத் தோற்றம் தேவைப்பட்டது.

ஆனால் கப்பல் விஷயத்தில் உங்களோடுதான் நிற்கிறேன். பீட்டர் ராக் தலைமையில் பிபிசி ஆட்கள் கையால் செய்த மாடலில் கனம் தெரியும். அசல் டைட்டிலில் ஒரு ஆள் விண்வெளி உடையில் தூரிகையோடு கப்பலின் மேல்தோலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பான். கேமரா மெதுவாகப் பின்னால் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். ஹவர்ட் குடாலின் இசை சோகமாக ஊர்ந்துவரும். கப்பல் எவ்வளவு பெரியது, அவன் எவ்வளவு தனி என்பது ஒரு வசனமில்லாமல் தெரிந்துவிடும். ரீமாஸ்டரில் கப்பல் நீளமாகிவிட்டது, அந்தப் பொறுமை போய்விட்டது.

எனவே முதலில் அசல். மனதில் ஊறிய பிறகு விருப்பம் இருந்தால் அந்தப் பெட்டி.

#4 சிங்கைவாசகி

ரீஜன் கேள்விக்குப் பதில். டிவிடியில் பிரிட்டன் 2, இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, அமெரிக்காவும் கனடாவும் 1. ப்ளூரேயில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் இலங்கையும் சி, எங்கள் சிங்கப்பூர் ஏ. பெட்டியின் பின்பக்கம் உருண்டைக்குள் எண் அல்லது எழுத்து அச்சிட்டிருக்கும், வாங்குமுன் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: டிவிடி பிளேயர்களில் பலவற்றை ரிமோட்டிலேயே எல்லா ரீஜனுக்கும் திறந்துவிடலாம், மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் வழி கிடைக்கும். ப்ளூரே ரீஜன் அப்படி எளிதில் திறக்காது, பெரும்பாலும் வன்பொருளில் மாற்றம் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் ரீஜனை 5 தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் “மாற்றவா” என்று கேட்டால் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள். விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் போட்டால் பெரும்பாலான டிரைவ்களில் அதை மாற்றாமலே ஓடும்.

#5 ஐம்பதுஃபீல்டு

சிங்கைவாசகி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ரீஜன் 1 அமெரிக்கப் பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது என்டிஎஸ்சி, வினாடிக்கு 60 ஃபீல்டு ஓடும் அமெரிக்க டிவி முறை. 50 ஃபீல்டை 60க்கு இழுக்க, அடுத்தடுத்த ஃபீல்டுகளை ஒன்றோடொன்று கலந்துவிடுவார்கள். கூடவே 576 வரிகள் 480 ஆகிவிடும். யாராவது வேகமாக நடந்தால் பின்னால் ஒரு நிழல் உருவம் ஒட்டிக்கொண்டு போகும். டிஸ்க்கிலேயே பதிந்துவிட்ட கோளாறு அது, பிளேயரில் எதை மாற்றினாலும் போகாது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டன்போலவே 625 வரி பால் முறைதான் இருந்தது, நம் டிவிகள் எல்லாம் 50 ஹெர்ட்ஸை ஏற்கும். பிரிட்டன் டிஸ்க் வாங்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

இப்போது டிவி, பிளேயர் அமைப்பு. பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

பிளேயர் மெனுவில் டிவி சிஸ்டம் என்று ஒன்று இருக்கும். அது ‘ஆட்டோ’ அல்லது ‘பால்’ என்று இருக்க வேண்டும். ‘என்டிஎஸ்சி’ என்று இருந்தால் மலிவான பிளேயர் 50ஐ 60ஆக மாற்றி அனுப்பும், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் தடுக்கித் தடுக்கி ஓடும்.

ஹெச்டிஎம்ஐ ரெசல்யூஷனை 576 இன்டர்லேஸ்டு (ஃபீல்டுகளாகவே அனுப்புவது) என்று வைத்து ஒரு காட்சி பாருங்கள், பிறகு 1080 வைத்து அதே காட்சி. முதலாவதில் டீஇன்டர்லேஸ் வேலையை, அதாவது ஃபீல்டுகளை முழுப் படமாக்குவதை, டிவி செய்கிறது, இரண்டாவதில் பிளேயர் செய்கிறது. எதில் சாய்வான கோடுகள் படிக்கட்டுபோல் நெளியாமல் நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சீரிஸின் சாம்பல்நிற செட்டில் பங்க் கட்டிலின் ஓரங்களும் கதவுச் சட்டங்களும் இதற்குச் சரியான இடம்.

டிவியில் ஷார்ப்னஸைச் சுத்தமாக இறக்குங்கள், பல டிவிகளில் பூஜ்யம்தான் நடுநிலை. நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது), அசைவு மென்மையாக்கல் இரண்டையும் அணையுங்கள். 50 அசைவு ஏற்கெனவே இருக்கிறது, டிவி நடுவில் புதிதாகக் கற்பனை செய்து சேர்க்கத் தேவையில்லை. படவிகிதம் 4:3. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பட்டை பிடிக்காமல் ஜூம் செய்தால் மேலும் கீழுமாகச் சேர்த்துக் கால்பங்கு படம் வெட்டுப்படும். இழுத்துவிட்டால் ரிம்மர் முகம் பூசணி மாதிரி ஆகிவிடும்.

#6 வாசல்படி

மிக்க நன்றி. டிவிடி பிளேயரை விட்டுவிட்டு லேப்டாப்பிலிருந்து ஓட்டினால்?

#7 குறியீட்டுக்காரன்

லேப்டாப்பில் இன்னும் நன்றாக வரும், அமைப்பு சரியாக இருந்தால்.

விஎல்சி: பிரெஃபரன்சஸ், வீடியோ பகுதி, டீஇன்டர்லேஸ் ‘ஆன்’, மோட் ‘யாடிஃப் 2எக்ஸ்’. அந்த 2எக்ஸ்தான் முக்கியம். வெறும் ‘யாடிஃப்’ போட்டால் இரண்டு ஃபீல்டிலிருந்து ஒரு ஃபிரேம்தான் வரும், 25 ஆகிவிடும். அதாவது ரீமாஸ்டரில் செய்த சேதத்தை நீங்களே வீட்டில் செய்துகொள்கிறீர்கள். ‘பிளெண்ட்’ இன்னும் மோசம், இரண்டு பாதியையும் குழைத்து விடும். எம்பிவி பிளேயர் என்றால் ‘டி’ விசை ஒன்று போதும், 50க்கு மாற்றிவிடும்.

அடுத்து திரையின் ரெஃப்ரெஷ். லேப்டாப் 60 ஹெர்ட்ஸில் இருக்கும். 50 படத்தை 60இல் காட்ட ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு தடவை வந்தாக வேண்டும், வினாடிக்குப் பத்து தடுக்கல். டிவியோடு இணைத்திருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 50 என்று மாற்றுங்கள். மானிட்டரில் 100 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதுவும் நல்லது, படத்துக்கு இரண்டு என்று சமமாகப் பிரியும்.

சரியாக இருக்கிறதா என்று சோதிக்க மூன்றாவது சீரிஸைப் போடுங்கள். ‘பேக்வர்ட்ஸ்’ தொடங்கும்போது எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடும். ரோபோ க்ரைட்டன் எப்படி வந்தான், ஹாலி ஏன் வேறு முகம் என்று இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கண்ணால் படிக்கவே முடியாத வேகம். வீடியோவில் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும் என்றே வேகமாக ஓடவிட்டார்கள். 1989இல் விஹெச்எஸ் வைத்திருந்தவர்களுக்கு அது தனி விருந்து.

அங்கே பாஸ் செய்யுங்கள். டீஇன்டர்லேஸ் அணைந்திருந்தால் எழுத்துகள் சீப்புப் பல்போலக் கிழிந்து தெரியும், ஏனென்றால் ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வரி மேலே நகர்ந்துவிட்டது. ‘பிளெண்ட்’ இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாகத் தெரியும். 2எக்ஸ் சரியாக ஓடினால் கொஞ்சம் சொரசொரப்பாக, ஆனால் ஒற்றையாக, படிக்கும்படி நிற்கும். விஎல்சியில் ‘ஈ’, எம்பிவியில் முற்றுப்புள்ளி விசை, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே முழுதும் படித்துவிடலாம். எழுத்து ஒரு படி மேலே, அரைப்படி கீழே என்று குதித்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பால் டிவிடியில் வழக்கமாக மேல் ஃபீல்டு முதலில். டிவி (டிஜிட்டல் வீடியோ கேம்கார்டர் வடிவம்) கேப்சர் கோப்புகளில்தான் இது மாறும்.

#8 செந்நிறக்கப்பல்

அதே எபிசோடில் இன்னொன்று. பூமியில் காலம் பின்னோக்கி ஓடும், எல்லோரும் தலைகீழாகப் பேசுவார்கள். மதுக்கடை மேலாளர் ஆத்திரத்தில் நீளமாக ஏதோ கத்துவார், கீழே வேறு அர்த்தத்தில் சப்டைட்டில் வரும். அவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்பதைத் திருப்பிப் போட்டால்தான் தெரியும். அதைத் திருப்பிப் போட மெனக்கெடுபவருக்காகவே எழுதப்பட்ட பேச்சு அது, சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அந்த ஒலியைத் திறந்து, பகுதியைத் தேர்ந்து, எஃபெக்ட் பட்டியலில் ‘ரிவர்ஸ்’ கொடுத்தால் முடிந்தது. இன்னும் எளிது, மூன்றாம் சீரிஸ் டிவிடியின் கூடுதல்கள். முழு எபிசோடையும் தலைகீழாகவே ஓட்டிக்காட்டும் பகுதி அதில் இருக்கிறது. படத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது நடிகர்கள் எந்த வரிசையில் என்ன செய்தார்கள், எதை உண்மையாகவே பின்னோக்கி நடித்தார்கள் என்பதெல்லாம் பிடிபடும்.

#9 யாழ்வாணன்

நான் கேட்க வந்தது டிஸ்க்கை ஹார்ட் டிரைவுக்கு மாற்றிறது பற்றி. ஒவ்வொருக்காவும் டிஸ்க் போட்டால் கீறல் விழும் தானே. ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டால் எல்லாம் 25ஆக வருகுது, முகமும் ஒடுங்கித் தெரியுது. என்ன செய்யலாம்?

#10 குறியீட்டுக்காரன்

இரண்டும் இரண்டு தனிக் கோளாறு, யாழ்வாணன்.

முகம் ஒடுங்குவது படப்புள்ளி வடிவத்தால். டிவிடியில் படம் 720×576 என்று இருக்கும், அதை அப்படியே சதுரப் புள்ளியாகக் காட்டினால் 5:4 ஆகிவிடும், 4:3 வராது. டைமன்ஷன்ஸ் பகுதியில் அனமார்ஃபிக் ‘ஆட்டோமேட்டிக்’ என்று வையுங்கள். அதே இடத்தில் தானியங்கி வெட்டலையும் நிறுத்துங்கள், எபிசோடுக்கு எபிசோடு வேறு அளவில் வெட்டும்.

25 ஆவது ஃபில்டர் பகுதியால். ‘டீடெலிசின்’ அணைக்கவும். ‘இன்டர்லேஸ் டிடெக்‌ஷன்’ அணைக்கவும், அது விட்டுவிட்டு வேலை செய்தால் பாதிப் படம் 50, பாதி 25 என்று திக்கும். டீஇன்டர்லேஸ் ‘பிடபிள்யூடிஃப்’, பிரிசெட் ‘பாப்’. பிறகு வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 50, ‘கான்ஸ்டன்ட்’. தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் எண் 18. பழைய பிரிசெட்டில் ஹெச் 264 லெவல் 3.0 என்று இருந்தால் 3.1 ஆக்குங்கள். இந்த அளவுப் படத்துக்கு 3.0 சரியாக வினாடிக்கு 25 ஃபிரேமோடு தீர்ந்துவிடும், சில டிவிகள் அதற்கு மேல் போனால் ஓட மறுக்கும்.

ஆனால் மாற்றவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. மேக்எம்கேவி என்ற மென்பொருளில் டிஸ்க்கைத் திறந்து எபிசோடுகளை அப்படியே எம்கேவியாக எடுங்கள். எதையும் மறுபடி சுருக்காது, ஃபீல்டுகள் டிஸ்க்கில் உள்ளபடியே இருக்கும். அரைமணி எபிசோடுகள் ஆறும் ஒரே இரட்டை அடுக்கு டிஸ்க்கில் இருப்பதால் ஒன்றுக்கு அதிகபட்சம் 1.4 ஜிபிதான் வரும். எட்டு சீரிஸின் 52 எபிசோடும் 128 ஜிபி பென் டிரைவில் இடம் மிச்சம் வைத்து அடங்கும். நாளை இன்னும் நல்ல டீஇன்டர்லேசர் வந்தால் அசல் கையில் இருக்கும். ஒருமுறை 50ஆகப் பிரித்துச் சுருக்கிவிட்டால் அன்றைய மென்பொருளின் குறைகள் கோப்பில் நிரந்தரமாகிவிடும்.

டிவியின் யுஎஸ்பியில் நேரடியாக ஓட்ட வேண்டுமென்றால் மட்டும் ஹேண்ட்பிரேக். பல டிவிகள் எம்பெக் 2 (டிவிடியின் வீடியோ வடிவம்) எம்கேவியை ஓட்டாது, ஓட்டினாலும் டீஇன்டர்லேஸ் செய்யாது.

எடுக்கும்போது ஒலித்தடங்களைப் பார்த்து டிக் செய்யுங்கள். நடிகர்கள் சேர்ந்து பேசும் கமென்டரி இரண்டாவது தடமாக இருக்கும், அதைத் தவறவிட்டால் பாதிச் சந்தோஷம் போச்சு. மெனுவும் ஒளித்துவைத்த கூடுதல்களும் வேண்டுமென்றால் தனித்தனி கோப்பாக எடுக்காமல் முழு டிஸ்க் பேக்கப் எடுங்கள்.

#11 சிங்கைவாசகி

கீறல் பற்றி: டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில், வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடம் வட்டமாகத்தான் ஓடுகிறது. வட்டக் கீறல் ஒரே தடத்தை நீளத்துக்கு அழிக்கும், குறுக்குக் கீறலைப் பிழைத்திருத்தம் தாண்டிவிடும்.

பழைய பெட்டி வாங்கினால் ஆறு எபிசோடையும் அன்றே எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று நன்றாக வந்து நான்காவதில் நின்றால் பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில் கோளாறு. வேறு டிரைவில் குறைந்த வேகத்தில் படித்தால் சிலவேளை வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகளோ ஓரத்தில் செம்பு நிறப் படலமோ தெரிந்தால் திருப்பி அனுப்புவதே மேல்.

#12 வாசல்படி

யாராவது விஹெச்எஸ் பதிப்பை விற்றால் வாங்கலாமா? இங்கே ஒருவர் ‘ஸ்மெக் அப்ஸ்’ கேசட் வைத்திருக்கிறார்.

#13 ஐம்பதுஃபீல்டு

எபிசோடுகளுக்காக வேண்டாம், டிவிடியே எல்லாவற்றிலும் மேல். 1994இல் வந்த ‘ஸ்மெக் அப்ஸ்’ சேகரிப்புக்கு நல்ல பொருள். க்ரைட்டன் வேடத்திலேயே ராபர்ட் லூவெலின் தொகுத்து வழங்கும் தவறிய காட்சிகள் அதில் இருக்கின்றன. கடற்கரை ஊர்களில் கேசட்டின் கண்ணாடி வழியாக முதலில் பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. போட்டு ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதானால் எஸ்-வீடியோ வெளியீடு உள்ள டெக், நடுவில் வரிகளை நிமிர்த்த ஒரு டிபிசி (டைம் பேஸ் கரெக்டர்) கருவி, அது கிடைக்காவிட்டால் பேனசோனிக் ஈஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக விட்டாலும் படம் மேலே கொடிபோல் வளைவது நின்றுவிடும். 720×576 இன்டர்லேஸ்டாக, ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லா வடிவில் எடுங்கள். ஒரு மணிக்கு 30 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். அடியில் சில வரிகள் கலங்கித் தெரியும், ஹெட் மாறும் இடம் அது. கோளாறல்ல, கடைசியில் கறுப்பால் மூடிவிடலாம்.

#14 யாழ்வாணன்

மேக்எம்கேவி நல்லா வேலை செய்யுது, நன்றி. லிஸ்டர் கதைக்கிறதுதான் பாதி விளங்கேல்லை.

#15 செந்நிறக்கப்பல்

கிரெய்க் சார்ல்ஸ் லிவர்பூல்காரர், அந்தப் பேச்சு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முதலில் பிடிபடாது. கூச்சப்படாமல் சப்டைட்டில் போடுங்கள். பழைய டிவிடிகளில் காது கேளாதோருக்கான ஆங்கில சப்டைட்டில் உண்டு. எம்கேவியாக எடுக்கும்போது அதையும் டிக் செய்ய வேண்டும். அது எழுத்தாக இல்லாமல் படமாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் சில டிவி பிளேயர்களில் வராது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் திறந்து எழுத்தறிதல் கொடுத்து எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பு ஆக்கிக்கொள்ளுங்கள். பெரிய ஐயும் சிறிய எல்லும் மாறிப்போவதை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

பிறகு ஒரு எச்சரிக்கை. ஆறாவது முடிந்து ஏழாவது போட்டதும் அசைவு சினிமா மாதிரி மாறும், அமைப்பு கெட்டுவிட்டது என்று எல்லோரும் மெனுவை நோண்டுவார்கள். நோண்ட வேண்டாம். 1997இல் ஒளிபரப்பானபோதே ஏழாவது அப்படித்தான். பார்வையாளர் இல்லாமல் எடுத்து, முடிந்த படத்தைப் பின்னால் போட்டுக்காட்டிச் சிரிப்பொலி பதிவு செய்தார்கள். ராப் கிராண்ட் அதற்குள் விலகிவிட்டார், பேரியும் சில எபிசோடுகளில்தான் வருகிறார். எனக்கு முதல் ஆறுதான் தொடர்.

#16 வாசல்படி

அப்படியானால் ப்ளூரே யாருக்கு?

#17 ஐம்பதுஃபீல்டு

ரீஜன் பிரச்சினை இல்லாத பிளேயரும் பெரிய டிவியும் இருந்து, பல பெட்டிகளைத் தேடி அலைய விருப்பமில்லாதவருக்கு. ப்ளூரேயில் ஒரு வினாடிக்கு இடம் அதிகம், அதனால் டிவிடியில் இருண்ட மூலைகளில் வரும் கட்டம் கட்டமான சிதைவு குறையும். வாங்கினால் ஓடும்போது டிவியின் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். பிளேயரை ‘சோர்ஸ் டைரக்ட்’டில் வைத்து 1080 இன்டர்லேஸ்டு 50 என்று காட்டினால் ஃபீல்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. பிளேயர் 24 அல்லது 60க்கு மாற்றுகிறது என்றால் அதை நிறுத்துங்கள்.

உங்கள் கோயம்புத்தூர் பிளேயர் ரீஜன் சி என்றால் முதலில் ஒன்று முதல் ஆறு வரை டிவிடியாக வாங்குங்கள். நான்காவதில் டிஸ்க் வரிசையை மாற்றாமல் பாருங்கள். வளைகுடாப் போர் நேரம் என்பதால் ‘மெல்ட்டவுன்’ எபிசோடைப் பிபிசி கடைசிக்குத் தள்ளியது, டிவிடியிலும் அது கடைசியில்தான் இருக்கிறது. ஆறாவதில் ‘கன்மென் ஆஃப் தி அப்போகலிப்ஸ்’ வரும் இரவு விளக்கை அணைத்துவிடுங்கள். சர்வதேச எம்மி வாங்கிய எபிசோடு அது.